சங்கரநத்தத்தின் ஏழேகால் வண்டி

எழுதிப் பழகாத கை இது. மூத்தோர் பலர் இருக்க, இதைச் சொல்லத் துணிந்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறது.

ஆமத்தூருக்கு அப்பால் உள்ள சங்கரநத்தத்தில், ஊரைவிட்டுப் போனவர்களும் உலகைவிட்டுப் போனவர்களும் 2023 ஆடி மாதம் முதல் காலை ஏழேகால் பேருந்தில் வரத் தொடங்கினர். மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டு ஒவ்வொருவருக்கும் முறையாக வழங்கப்பட்டது.

அவ்வூரில் அப்போது பதினோரு வீடுகளில்தான் அடுப்பு எரிந்தது. பேருந்தில் ஏறுபவர் கருப்பம்மாள் ஒருவரே. விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் அவருக்கு வேலை. ஓர் ஆளுக்காகக் கம்பெனி வேன் வராது. ஒரு நடைக்கு முப்பது சீட்டுச் சேராத வழித்தடம் மாதக் கடைசியில் நிறுத்தப்படும் என்று பணிமனை தெரிவித்திருந்தது. பேருந்து நின்றால், அறுபது வயதில் அவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒரு காலை அவர் முன்னிருக்கையைக் காட்டி, திருப்பூருக்குப் பிழைக்கப் போன கற்பகவல்லி அங்கேதான் அமர்ந்து கஞ்சி குடிப்பாள், சிந்தியதை முந்தானையால் துடைக்காமல் இறங்கமாட்டாள் என்று நடத்துநர் பாண்டிராஜிடம் சொன்னார். சொல்லி முடிக்கையில் கற்பகவல்லி அங்கே அமர்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். அதே நேரம் திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் அவர் காணப்படவில்லை. அரைநாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. அதன்பின் அன்றாடம் வந்தார், அன்றாடம் பிடிக்கப்பட்டது.

"இன்னும் சொல்லுங்க பெரியம்மா. ஆம்பளைக மட்டும் வேண்டாம். அவுகளுக்கு டிக்கெட்டுக் காசு யாரு குடுக்க?" என்றார் பாண்டிராஜ்.

"உசுரோட இருக்கையிலயே படியில தொத்திக்கிட்டு வந்து, குடுக்காம எறங்கினவுகதான" என்றார் கருப்பம்மாள்.

நாளுக்கு ஒருவராகச் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும், சொல்லப்பட்டவர் யாரென்பது அவருக்கு மறந்துபோயிற்று. இதை மூன்றாம் நாளே உணர்ந்துகொண்டதால், மகள் மாரிச்செல்வியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலை வெடித்ததில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் போனவள் அவள்.

மாதக் கடைசி நாளன்று பரிசோதகர் சீனிவாசகம் ஏறி எண்ணினார். இறந்தவர்களுக்குச் சீட்டுத் தரக் கூடாதென்று சுற்றறிக்கை ஏதும் இல்லாமையால், அவர் ஆட்சேபிக்கவில்லை.

"கருப்பம்மாளையும் சேத்து இருபத்தொம்பது. ஒண்ணு கொறையுதே."

"இன்னும் ஒருத்தர் இருக்காகளா பெரியம்மா?" என்று பாண்டிராஜ் கேட்டார்.

பேருந்து ஓடைப் பாலத்தைக் கடந்ததும், கருப்பம்மாள் தம் பக்கத்துச் சன்னலோர இருக்கையைக் கையால் துடைத்தார். பிறகு, மாரிச்செல்வி வேலை முடிந்து திரும்புகையில் தம் தோளில் சாய்ந்து தூங்குவாள், ஊர் வந்ததும் தூங்கவே இல்லை என்று சாதிப்பாள் என்றார். சன்னலோரம் ஒரு பெண் அமர்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். பாண்டிராஜ் முப்பதாம் சீட்டைக் கொடுத்தார்.

"நல்லாச் சாஞ்சுக்க தாயி. நீ எந்த ஊருப் பிள்ள?"

"இந்த ஊருதாம்மா. நான் ஒண்ணும் தூங்கல."

பேருந்து இன்றும் வருகிறது. அவள் சாய்வதற்கு வசதியாகக் கருப்பம்மாள் சற்று நகர்ந்தே அமர்கிறார்.

இழந்தவை: திருப்பூரில் ஒருவருக்கு நாள்தோறும் அரைநாள் சம்பளம். அண்டை அயலார் இருபத்தெட்டுப் பேர். மகள் ஒருத்தி, இரண்டாம் முறையாக.