அண்ணன் கொடுத்த ரத்தம்

வாசலில் போட்ட நாற்காலிகளைப் பெரியவன் மறுபடியும் இடம் மாற்றிக்கொண்டிருந்தான். யாரும் அவனை மாற்றச் சொல்லவில்லை. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே கூடத்தில் தம்பியின் உடல் கிடந்தது. தலைமாட்டில் இருந்த அம்மா, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதாள்.

"பல்லு பிடுங்கின அன்னைக்கே போயிருக்க வேண்டியவன். ரத்தம் வந்தா நிக்கவே நிக்காத சீக்கு. பெரியவன்தான் ஓடிப்போய் ரத்தம் குடுத்தான். அவன் ரத்தத்துலதான் இத்தனை வருஷம் இருந்தான்!"

முன்பெல்லாம் அவள் இதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டு நின்றவன்தான் அவன். இன்றைக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. டாக்டர் முந்தாநாள் சொல்லிவிட்டாரே: எப்போதோ ஏற்றிய ரத்தத்தோடு வந்த கிருமி, சத்தமே இல்லாமல் ஈரலைத் தின்றுவிட்டதாம். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் பரிசோதனை கிடையாதாம். யார் ரத்தம் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கேட்க ஏது தைரியம்?

"அத்தான், கொஞ்சம் வாங்க." தம்பி மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

போச்சுடா, என்று நினைத்துக்கொண்டே போனான்.

"அவரு போறதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணுமாம். கிருமி இருந்தாலும் பயப்பட வேணாமாம். இப்ப மாத்திரை இருக்காம், குணமாயிடுமாம். தனக்குத்தான் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஈரல் போயிடுச்சுன்னாரு."

"அப்ப... என்னாலதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"எத்தனையோ பேரு ரத்தம் ஏறின உடம்பு, அத்தான். யாரோடதுன்னு யாரு கண்டா? அண்ணன் மேல கோவம் இல்லையான்னு நான் கேட்டதுக்கு, 'அண்ணன் குடுக்கலன்னா உன்னை எப்படிடீ கட்டியிருப்பேன்'னு சிரிச்சாரு."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நாளைக்கே போறேம்மா."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"அவர்கிட்டேருந்து எனக்கும் ஒட்டியிருக்கலாமாம், எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தனியா போக பயமா இருக்கு, அத்தான்."

முந்தாநாளிலிருந்து தன்னையே நினைத்து வெந்துகொண்டிருந்தவனுக்கு இவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினான். அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள்.