பெரிய றி போட்டது யார்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட அசதியில் அம்பத்தூர் ஃப்ளாட்டில் ரிமோட்டும் கையுமாகச் சாய்ந்து கிடந்தேன். ஏதோ ஒரு சேனலில் 'கைதட்டல் எங்கே' என்று ஒரு தொலைக்காட்சிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. புகழுக்காக அல்லாடும் ஒரு ராக் இசைக்குழுவின் கதை. எல்லோருக்கும் கிழிந்த ஜீன்ஸ், அதுவும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. படம் சுமார்தான். ஆனால் அதில் வந்த ஒரு பாட்டு காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாயங்காலம் அந்தப் பாட்டை மட்டும் இணையத்தில் தேடிக் கேட்டேன். கீழே வரிசையாக இதயங்கள், நெருப்புப் படங்கள். அவற்றுக்கு நடுவே யாரோ எழுதியிருந்தார்:

"இது எங்க பாட்டு. அது ஏறி இல்ல, ஏரி."

அதற்குக் கீழே இன்னொருவர்: "பாட்டு ஹிட்டானா போதும், சொந்தம் கொண்டாட கிளம்பிடுவாங்க."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நானே கட்டியது. எழுதியவர் ஆணா பெண்ணா, உண்மை சொன்னாரா புளுகினாரா, எதுவும் தெரியாது. பெண் என்று வைத்துக்கொண்டேன். உண்மை என்றும் வைத்துக்கொண்டேன். இப்படி எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிற ஆளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உங்கள் பாடு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'திருநின்றவூர் ஏரி அன்று ததும்பி...' (வேண்டாம். ஏரியில் தொடங்கினால் வர்ணனையிலேயே முங்கிவிடுவேன்.)

'எழிலரசி டிரம்ஸ் குச்சிகளை ஓங்கிய அந்தக் கணத்தில் அவளுக்குள்...' (அவளுக்குள் என்ன? ஒன்றும் இல்லை. கை வலித்திருக்கும்.)

'துரோகம் என்பது எப்போதும் நெருங்கியவர்களிடமிருந்தே...' (அடச்சே.)

சரி, சாதாரணமாகவே தொடங்குகிறேன்.

எழிலரசி அந்த ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வாரம் முழுக்க ரயிலிலும் கணினியிலும் கழியும். ஞாயிறு மட்டும் அவளுடையது. அப்பா ரகுநாதன் ஆவடி ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வந்த பணத்தையெல்லாம் போட்டு இந்த மனையை வாங்கி வீடு கட்டியிருந்தார். மனை விற்றவன், "சார், ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்" என்றான். முதல் மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏரியே வாசல் வழியாக உள்ளே வந்தது. கட்டில் மேல் கட்டில் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கதவைத் தட்டிய சத்தம் எழிலரசியின் காதிலேயே நின்றுவிட்டது. அந்த வாரத்தில் எழுதியதுதான் இந்தப் பாட்டு:

ஏரி மேல எங்க ஊடு
கதவத் தட்டி வந்தது யாரு

அதே பாட்டு இப்போது டிவியில் வந்துகொண்டிருந்தது. எழிலரசி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"உன் பாட்டு மாதிரியே இருக்குடி" என்றாள் அம்மா வனஜா.

"மாதிரி இல்லம்மா. என் பாட்டுதான்."

படத்தில் கதாநாயகன் அந்த வரியைப் பாடிக்கொண்டே ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் ஏறுகிறான். முன்னேறுகிறானாம். திரைக்குக் கீழே பாடல் வரிகள் ஓடின: 'ஏறி மேல எங்க ஊடு'.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சின்ன ர, பெரிய ற என்று பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிச் சொல்லித்தருகிறார்கள். வாசலைத் தாண்டியதும் நம் ஊர் வாய் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. சின்ன ரி போட்டால் வீடு ஏரியின் மேல் இருக்கிறது, தண்ணீர் வந்து கதவைத் தட்டுகிறது. பெரிய றி போட்டால் வீடு மாடியில் இருக்கிறது, மேலே ஏறி வா என்கிறது, புகழ் வந்து கதவைத் தட்டுகிறது. பாடும்போது இரண்டுக்கும் ஒரே ஒலி. எழுதும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எழிலரசிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திருடியதைவிடத் தப்பாகத் திருடியது அவளுக்கு அதிகமாக வலித்தது. அன்று சாயங்காலம் அந்தக் கருத்தை எழுதியவள் அவள்தான். (என்று வைத்துக்கொண்டேன். முன்பே சொன்னேன் அல்லவா.)

3

அவர்களுடைய குழுவுக்குப் 'பட்டாபிராம் சைடிங்' என்று பெயர், தினமும் போகிற ரயில் பாதையில் பார்த்து வைத்தது. மூன்று பேர். டிரம்ஸ் எழிலரசி. பேஸ் கிட்டார் தமிழ்வாணன், ஆவடியில் ஒரு வங்கியில் எழுத்தர். பாட்டும் கிட்டாரும் இருதயராஜ், திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவன். ஏழு வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். கல்லூரி விழாக்கள், அடுக்ககப் பொங்கல் விழாக்கள், ஒரு கல்யாண வரவேற்பு. எல்லா இடத்திலும் "சினிமாப் பாட்டு எடுத்து விடுங்கப்பா" என்றுதான் கேட்டார்கள். சொந்தப் பாட்டை நல்ல ஸ்டூடியோவில்தான் பதிவு செய்வது என்று ஒரு வீம்பு இருந்ததால் அது எங்கேயும் வெளியாகவில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த மூன்று பேர்தான்.*

* வனஜாவுக்கும் தெரியும். ஆனால் ஒரு அம்மாவைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. வர வேண்டுமோ?

இப்போதுதான் முதல்முறையாகச் சென்னையில் ஒரு பெரிய இசை விழாவில் இடம் கிடைத்திருந்தது. சொந்தப் பாட்டுகள் மட்டுமே பாட வேண்டும் என்பதால், போன வாரம்தான் முதல்முறையாக இந்தப் பாட்டைப் போனில் பதிந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை விழா ஏற்பாட்டாளர் லாவண்யா போன் செய்தாள்.

"எழிலரசி, நீங்க அனுப்பின பாட்டு டிவில வந்துடுச்சே. யாரைப் பார்த்து யார் காப்பி அடிச்சது?"

"எங்க பாட்டுங்க அது. சத்தியமா."

"நான் நம்பறேன். ஆனா நாளைக்கு அந்த சேனல்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது? வெள்ளிக்கிழமை மூணு பேரும் வாங்க. பாட்டு எங்களோடது, யாருக்கும் கொடுக்கலன்னு ஒவ்வொருத்தரும் என் முன்னாடி சொல்லுங்க. எனக்கு அது போதும். இல்லன்னா இடத்தை வேற பேண்டுக்குக் கொடுத்துடுவேன்."

இந்த மேடையும் போனால் குழு கலைந்துவிடும். மூன்று பேருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்ற இருவருக்காகவும் தன்னால் வாக்குக் கொடுக்க முடியுமா என்று எழிலரசி யோசித்தாள். முடியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

4

குற்றவாளியைத் தமிழ்வாணனாக வைத்து ஒரு வரைவு எழுதினேன். கடைப் பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட நின்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவன். அவன் கொடுத்திருந்தால் 'ஏரி' என்று திருத்தமாகக் கொடுத்திருப்பான். அதனால் அவன் இல்லை என்று அந்த வரைவைக் கிழித்தேன்.

பிறகு அவன் செவ்வாய்க்கிழமை எழிலரசிக்குப் போன் செய்தான்.

"வரி ஓடிச்சே, பார்த்தியா? பெரிய றி போட்டிருக்கான்."

"பார்த்தேன்."

"நான் யாரையும் சொல்லலை. ஆனா நம்ம மூணு பேர்ல யாரு அப்படி எழுதுவா, நீயே யோசிச்சுப் பாரு."

இருதயராஜ்தான் அப்படி எழுதுவான். வாட்ஸப்பில் 'கறண்ட் இல்ல, பிறாக்டிஸ் நாளைக்கு' என்று போடுகிறவன். எழிலரசி உடனே அவனைத்தான் நினைத்தாள். ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. யாரும் கேட்காதபோது இவன் ஏன் இவ்வளவு அவசரமாகக் கையை நீட்டிக் காட்டுகிறான்? எழுத்துப் பிழையே செய்யாதவன் ஒரு பிழையை வேண்டுமென்றே போட்டால் பழி யார் மேல் விழும்?

(கிழித்த வரைவைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டிவைத்திருக்கிறேன்.)

5

வியாழக்கிழமை மாலை பூந்தமல்லி. வெல்டிங் பட்டறைக்கு மேலே அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை. வெளியே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. (மழை பெய்ததாக முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். வெயில்தான்.) இருதயராஜ் கிட்டாரின் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தான். தமிழ்வாணன் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எழிலரசி சீக்கிரமே வந்திருந்தாள்.

"படத்தைப் பாத்தியா, ராஜு?"

"பாத்தேன் எயிலு. மேளம் அடிக்கிற பொண்ணுக்குக் குச்சியே புடிக்கத் தெரில."

"அந்த வரியை ஏன் தப்பா போட்டாங்க?"

"எந்த வரி?"

"ஏறின்னு பெரிய றி போட்டிருந்தான் இல்ல?"

"ஆமா. கரீட்டாதான போட்டுக்கீறான்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளம் தெரியவில்லை. கள்ளம் தெரியாத முகத்தைத்தான் அவள் நம்பத் தயாராக இல்லை.

"ராஜு, அது ஏரி. தண்ணி. எங்க வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த ஏரி."

இருதயராஜின் கை நின்றது.

"இன்னா சொல்ற? ஏறி மேல எங்க ஊடு. எங்க ஊடு மூணாவது மாடில கீது. லிஃப்ட்டு கெடையாது. எங்கம்மா முட்டிவலின்னு கீய எறங்கியே எத்தினி நாளாச்சு. யார்னா ஏறி வந்து கதவத் தட்னா அன்னிக்குதான் அதுக்குப் பண்டிக. நீ ஊட்டுக்கு வந்துட்டுப் போனியே, அடுத்த வாரம் பாட்ட கட்டிகினு வந்து பாடிக் காட்டுன. அத்த பாத்துட்டுதான எயுதுன?"

எழிலரசி கையிலிருந்த குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தாள்.

"நான் அம்மாவாண்ட பேரச் சொல்லியே சொன்னேன். அன்னம்மா, உம்மேல ஒரு பாட்டு கட்டிக்கீது பாரு எங்க எயிலுன்னு. டெய்லி பாடச் சொல்லும்."

ஏழு வருஷம். ஒரே அறையில், ஒரே தாளத்தில், அவள் வாசித்தது ஒரு பாட்டு, அவன் பாடியது வேறு பாட்டு. அவளுக்குக் கதவைத் தட்டியது பயம். அவனுக்கு அது விருந்தாளி. எழிலரசிக்கு அவன் மேல் பாசம் பொங்கியது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது. படத்தில் வந்தது அப்படியே அவனுடைய பாட்டு. அவன் வாயிலிருந்து போகாமல் வேறெங்கிருந்து போயிருக்கும்?

"இதை வேற யார்கிட்டயாவது பாடிக் காட்டினியா?"

"இன்னா கேள்வி இது? எல்லாராண்டயும் பாடிக்கீறேன். கம்பெனில, ரயில்ல, சலூன்ல. நாலு பேரு கேக்கணும்னுதான பாட்டு? எவனோ கேட்டுட்டான்." கம்பியை முறுக்கியபடி கேட்டான்: "நீ கேக்க வந்தது அது இல்லையே. காசு வாங்கினியான்னு கேளேன்."

"ஒண்ணுமில்ல, விடு."

"கேளு எயிலு. கேட்டுட்டீன்னா நான் இல்லன்னு சொல்லுவேன். கேக்காமயே போனீன்னா நான் யாராண்ட சொல்றது?"

அவள் கேட்கவில்லை. படியில் தமிழ்வாணனின் செருப்புச் சத்தம் கேட்டது.

6

மேலே இருதயராஜ் பேசியதெல்லாம் நான் எழுதியது. ஆனாலும் படித்துப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நிரபராதிக்கு இவ்வளவு நல்ல பதில் இவ்வளவு சீக்கிரம் வாயில் வருமா? விற்றவன் நானாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன், அம்மாவின் முட்டிவலி உட்பட. எதிர்ப்பக்கமும் யோசித்தேன். ரயிலில் வாசலோரம் நின்று ஒருவன் பாடிக்கொண்டு வருகிறான். எதிரே கதை கிடைக்காமல் அல்லாடும் ஒரு வசனகர்த்தா உட்கார்ந்திருக்கிறான். அவனும் என்னைப்போல ஒரு ஆள்தான். காதில் விழுந்ததை எழுதிக்கொள்கிறான், எந்த ரி என்று கேட்பதில்லை. இந்தக் கதையில் அந்த வரியை நானும்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். யாரைக் கேட்டுப் போட்டேன்?

7

வெள்ளிக்கிழமை. லாவண்யாவின் அலுவலகம். மூவரும் நிற்கிறார்கள்.

"ஒரு தடவை பாடிக் காட்டுங்க" என்றாள் லாவண்யா.

இருதயராஜ் பாடினான். எழிலரசி காது கொடுத்துக் கேட்டாள். தண்ணீர் எங்கேயுமே இல்லை. யாரோ மூச்சு வாங்க மாடி ஏறுகிற சத்தம்தான் கேட்டது. தான் எழுதியதைவிட இது நல்ல பாட்டோ என்று ஒரு நொடி தோன்றியது. அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எங்க பாட்டுதான். யாருக்கும் கொடுக்கல" என்றான் தமிழ்வாணன்.

"எங்க பாட்டு. யாருக்கும் குடுக்கல" என்றான் இருதயராஜ். சொல்லும்போது அவன் லாவண்யாவைப் பார்க்கவில்லை, எழிலரசியைப் பார்த்தான்.

"எழிலரசி, நீங்க?"

'ஆமாம்' என்று எழுதிப் பார்த்தேன். அவள் குரல் அதில் வரவில்லை. 'எனக்குத் தெரியலைங்க' என்று எழுதினேன். இருதயராஜின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. 'எழிலரசி வாயைத் திறந்து...' என்று ஒரு வரி பாதியில் நிற்கிறது. அதைத் தொடரப் போவதில்லை.

இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். அந்த வரியை ஒரு தடவையாவது வாய்க்குள் முணுமுணுத்திருப்பீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். அப்போது உங்கள் கண்ணில் தெரிந்தது தண்ணீரா, படிக்கட்டா? அதை வைத்து அவளுக்காக நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். லாவண்யா காத்திருக்கிறாள். சத்தமாகச் சொல்வதாக இருந்தால் மட்டும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.