நான்கு கட்டங்கள்

கல் தயார் என்று கல்வெட்டும் பாலு போன் செய்தபோது மாலை நாலு இருபது. ஓராண்டு நினைவுத் திருப்பலி மறுநாள் காலை ஆறு மணிக்கு. அதற்குள் மனைவி மதலேனின் கல்லறையில் கல் இருக்க வேண்டும்.

ஜேக்கப் மகள் ஷெர்லினுடன் ஆட்டோவில் உறையூர்ப் பட்டறைக்குப் போனார். அவள் ஆட்டோக்காரரிடம் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார்.

கறுப்பு கிரானைட். மேலே சிலுவை. கீழே தமிழில் பெயர், பிறப்பு, இறப்பு. நடுவில் நான்கு காலிக் கட்டங்கள்.

“எழுத்து எங்க?”

“அதாங்க சார் எழுத்து.”

பாலு கணினியைத் திருப்பினார். திரையிலும் நான்கு கட்டங்கள். ஜேக்கப் பாலுவுக்குத் தான் அனுப்பியிருந்த செய்தியைத் தன் கைபேசியில் திறந்தார். அதில் ஆப்பு ஆப்பாக நான்கு எழுத்துகள். மதலேன்.

பழைய ஈராக்கின் களிமண் பலகைகளில் உள்ள எழுத்து அது. அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்கான ஓர் எண் கொடுக்கும் குழுவில் ஜேக்கப் பதினோரு வருடம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். எண் இருந்தால் எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்து தெரியும். அதுதான் நோக்கம்.

“உங்ககிட்ட இந்த எழுத்துக்கு ஃபான்ட் இல்ல. அது இல்லாட்டி கட்டம்தான் வரும்.”

“சொல்லியிருந்தா போட்டிருப்பேன் சார். ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுக்குத் தெலுங்குல வெட்டினேன். எனக்குத் தெலுங்கு தெரியுமா? ஒரு சுழி பிசகல.” பாலு அளவுகோலை வைத்தார். “நாலும் ஒரே அளவு. பாருங்க.”

ஒரே அளவுதான்.

“புதுக் கல்லுக்கு?”

“நாலு நாள் ஆகும்.”

ஆஸ்பத்திரியில் மதலேன் கேட்டது ஒன்றுதான். மாடியில் வேலை பார்க்கும்போது அவர் அந்த எழுத்தில் தன் பெயரைப் போனில் அனுப்புவாரே, அதே மாதிரி கல்லிலும் வேண்டும். அவரும் சரி என்றிருந்தார்.

ஷெர்லின் உள்ளே வந்தாள். கட்டங்களை விரலால் தடவினாள்.

“நல்லா வந்திருக்குப்பா.”

“இதுவா?”

“அம்மாவோட பழைய போன்ல இப்படித்தானே வரும். நாலு கட்டம் வந்தா, உங்கப்பாவுக்குக் காபி வேணுமாம்னு எந்திரிப்பாங்க.”

“எங்கிட்ட சொன்னதில்லையே.”

“என்னத்தச் சொல்ல? இதுதான் அந்த எழுத்துன்னு நெனச்சிருந்தாங்க.”

ஜேக்கப் கைபேசியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பாலு கல்லின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார்.

“ஏத்திடலாமா சார்?”