மூன்றாம் தட்டின் மூச்சு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரிஸில் நல்ல மனிதர்கள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார்கள். பைத்தியம் பிடித்தவர்கள் வானொலி நிலையத்துக்கு வந்து, ஒரே பாட்டை ஆறு பேர் பாடியதைக் கேட்டு, எது உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள். இசைத்தட்டுப் பஞ்சாயத்து என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பாடியது யார் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். தட்டுக்கு நம்பர் மட்டும் உண்டு. கேட்கக் கேட்கவே தேறாததைக் கழித்துக்கட்டி, மிஞ்சுவதற்கு மகுடம் சூட்டுவார்கள். அதுவும் நேரடி ஒலிபரப்பு. வாயை விட்டால் விட்டதுதான்.

இசை விமர்சகி கிஸ்லேனுக்கு இந்தப் பஞ்சாயத்தில் பழம்பெரும் இடம். பரோக் ஓப்பரா, அதாவது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசை நாடகம் என்றால் அவளைக் கேட்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. அவள் எழுதிக் கிழித்த பாடகர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் முன்னால் வருகிறாள், பின்னால் போகிறாள், தண்ணீரை எடுக்கிறாள், குடிக்காமல் வைக்கிறாள்.

காரணம் இதுதான். அந்த மாதம் வெளிவந்த தட்டு ஒன்று பஞ்சாயத்தில் எப்போதும் இருக்கும். அந்த மாதம் வெளிவந்ததில், அன்றைய பாட்டுக்குரிய ராணியாகப் பாடியிருந்தவள் அவளுடைய மகள் மாயெல். முதல் தட்டு. தகப்பன் வழிக் குடும்பப் பெயரில் பாடுகிறாள், அதனால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர் தட்டு வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பது விதி. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. யாருக்கும் தயவு பார்க்காதவள் என்ற பெயர் அவளுக்கு உயிர். அதைவிடப் பெரிய காரணம், அவளுக்கே சொல்லிக்கொள்ளப் பிடிக்காத காரணம், மகள் எப்படிப் பாடியிருக்கிறாள் என்று கேட்கத் துடித்தாள். வீட்டுக்கு வந்த தட்டைப் பிரிக்கக்கூட பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கச்சேரி முடிந்ததும், உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் வெடுக்கென்று மூச்சை இழுக்கிறாயே, பாட்டின் கழுத்தை நெரிப்பது மாதிரி இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னாலும் மகளிடம் சொன்னாள். பெண் மறுவாரமே பிரஸ்ஸல்ஸுக்கு வேறொரு ஆசிரியையிடம் போய்விட்டாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், குளிர் எப்படி, பூனை எப்படி, அவ்வளவுதான். இன்றைக்குக் காலையில் அதிசயமாக ஒரு செய்தி வந்திருந்தது. "இன்னிக்கு ரேடியோ கேக்கப் போறேன்மா."

அந்த ஒரு வரியைக் கிஸ்லேன் வழியெல்லாம் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ரெஜிஸ், பஞ்சாயத்தை நடத்துகிறவர். "வீரன் கைவிட்டுட்டுப் போயிட்டான், ராணி தனியா நின்னு புலம்பறா. முதல் தட்டு."

முதலாவது பாடகி புலம்பவில்லை, ஒப்பித்தாள். இரண்டாவதில் வாத்தியக்காரர்கள் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். இரண்டும் இல்லை, இரண்டும் மாயெல் இல்லை. கிஸ்லேன் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மூன்றாவது ஒலித்தது. இளசான குரல். நான்காவது வரியில், உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்னால், வெடுக்கென்று ஒரு மூச்சு.

கிஸ்லேன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவள்தான். திருந்தவே இல்லை. ஆனால் அந்த மூச்சுக்குப் பின்னால் குரல் ஏறி நின்ற விதம்! ஐயோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்த மாத்திரத்தில் அடுத்த நினைப்பு வந்து மண்டையில் அடித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்வது யார், விமர்சகியா, பெற்றவளா? நாளைக்கு விஷயம் வெளியே வந்தால்? பெண்ணுக்கு அம்மா கொடுத்த பிச்சை என்று ஊர் சிரிக்காதா?

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் பெரின், பஞ்சாயத்தில் இளையவள். "அந்த மூச்சு இருக்கே, அழுகையை அடக்கற மாதிரி."

"அழுகையா?" கிஸ்லேன் பாய்ந்தாள். "மாடிப்படி ஏறி வந்த மாதிரி இருக்கு. இது தப்பு, பெரின். சின்ன வயசுல யாரோ கண்டிச்சிருக்கணும், கண்டிச்சும் கேக்காத பிடிவாதம். தன் குரல் மேல தனக்கே மயக்கம். ராணிக்கு இங்க இடமே இல்ல, நான் நான்னு இவ ஒருத்திதான் நிக்கறா."

"அம்மணி இன்னிக்குக் கத்தியைத் தீட்டிட்டு வந்திருக்காங்க," என்றார் ஆன்செல்ம். முப்பது வருஷமாக அவளோடு சண்டை போடும் கிழவர். "எனக்கென்னமோ உடம்பு சிலிர்த்துது."

"உங்களுக்கு ஜன்னல் திறந்திருந்தாலே சிலிர்க்கும்."

கேட்க வந்திருந்த கூடம் முழுக்கச் சிரித்தது. கிஸ்லேன் பேசிப் பேசியே மூன்றாம் தட்டைக் கழித்துக்கட்டினாள். கட்டிவிட்டு உட்கார்ந்ததும் மகள் நினைப்பு வந்தது. கேட்டுக்கொண்டிருப்பாளே! இப்போது ரேடியோவை அணைத்திருப்பாளோ? ஆனாலும் ஒரு பாழும் நிம்மதி. நான் தயவு பார்க்கவில்லை.

நான்காவது வந்தது, போனது.

ஐந்தாவதில் அவளுக்குப் பயமில்லை. பயமில்லாததால் காது திறந்துகொண்டது. சுருதியை நன்றாகக் கீழே இறக்கிப் பாடியிருந்தார்கள், அந்தக் காலத்து வழக்கம்போல. ஆட்டுக் குடல் நரம்பு கட்டிய பழைய வயலின்கள் இரண்டு பின்னால் முனகின. அந்தக் குரல் அவசரப்படவில்லை, கெஞ்சவுமில்லை. 'போ' என்று சொல்கிற இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்தினாள். வீரன் போகவேண்டும் என்று ராணி நினைக்கவே இல்லை என்பது அந்தத் தாழ்ந்த குரலில் தெரிந்தது. கிஸ்லேன் கண்ணாடியைக் கழற்றினாள். அத்தனை பேர் முன்னாலும் கண்ணைத் துடைத்தாள்.

"கிஸ்லேன்?" என்றார் ரெஜிஸ்.

"என்னத்தைச் சொல்றது. இவ யாரா இருந்தாலும் சரி, எனக்கு இந்த ராணியைத் தெரியும். இதைக் கேக்கத்தான் நான் இத்தனை வருஷமா இங்க வந்து உக்காந்திருக்கேன் போல."

ஆன்செல்ம் வாயைப் பிளந்தார். ஆறாவது தட்டு வந்தும் பயனில்லை. ஐந்தாவதுக்கு மகுடம்.

ரெஜிஸ் உறைகளைப் பிரித்தார். "முதல்ல மூன்றாவது. கிஸ்லேன், கொஞ்சம் கெட்டியா உக்காருங்க. இது ஒதெத் லவெர்ன்."

கூடத்தில் ஒரு முனகல். ஒதெத் லவெர்ன் என்றால் கிஸ்லேனுக்குத் தெய்வம். அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறாள். அவர் இருபத்தாறு வயசில் மேடையில் பாடி, எங்கேயோ பெட்டியில் கிடந்து, போன வருஷம்தான் வெளியே வந்த பதிவாம், கிஸ்லேன் கேட்டிராதது.

"மாடிப்படி ஏறி வந்தவங்க!" ஆன்செல்ம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கிஸ்லேன் காதில் அந்தச் சிரிப்பு விழவில்லை. அப்படியானால் மாயெல் எங்கே?

"ஐந்தாவது, இந்த மாசத்து வெளியீடு," என்றார் ரெஜிஸ். "புதுப் பொண்ணு. மாயெல் கெர்வெலா."

வெளியே வந்ததும் நதிக்கரைக் காற்றில் நின்றபடியே போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மகள். அவள் சந்தோஷப்படுவாள், தானும் அழலாம், மூன்று வருஷமும் கரைந்து போகும் என்றுதான் கிஸ்லேன் நினைத்திருந்தாள்.

"மாயெல், நான் நெஜமாவே அழுதேன்டி. நீன்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா." குரல் அமைதியாக இருந்தது. "நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஒதெத் லவெர்னை நீ ஒரு நாளும் ஒரு வார்த்தை குறையா சொன்னதில்ல. இன்னிக்கு யாருன்னு நெனச்சு அந்த அடி அடிச்சே?"

காற்று போனுக்குள் இரைந்தது. சமாளிக்க ஆயிரம் வார்த்தை இருந்தது. சுருதி, ஒலிப்பதிவு, காது அடைப்பு. பேசித் தப்பிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"உன்னைன்னு நெனச்சு," என்றாள்.

"ம்."

"அந்த மூணாவது நல்லா இருந்துதுடி. கேக்கும்போதே நல்லா இருந்துது. நீன்னு நெனச்சதனாலதான்…"

"அந்த மூச்சை நான் எங்கேர்ந்து கத்துக்கிட்டேன்னு நெனக்கறே? எட்டு வயசுலேர்ந்து நம்ம வீட்டுல நீ போட்டுப் போட்டுக் கேட்ட ஒதெத் தட்டுதானே? அவங்க இழுத்தா கண்ணை மூடிப்பே. நீ எனக்கும் கண்ணை மூடுவேன்னு பாத்தேன். பிரஸ்ஸல்ஸ்ல அதை விடறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு."

கிஸ்லேன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எது பாடினாலும் பேரை மறைச்சுத்தான் உனக்கு அனுப்பணும் போலருக்கு," என்றாள் மகள்.

அது கேலியா, கோபமா என்று கிஸ்லேனுக்குப் பிடிபடவில்லை. ஊரிலுள்ள குரல்களையெல்லாம் பிரித்து மேய்ந்த காதுக்கு, பெற்ற பெண்ணின் ஒரு வரி பிடிபடவில்லை. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கமும் போனை வைக்கவில்லை.