கரண்டி மலையில் ஒரு பொட்டு

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கிளாரிசா, என் கலையார்வம் அல்ல. எங்கள் கல்லூரித் தமிழ்ச் சங்க இதழுக்கு அவள்தான் ஆசிரியர். 'ஜொகூரின் இயற்கை எழில்' என்று ஒரு பயணக் கட்டுரை வேண்டும், படங்களோடு வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றாள்.

படங்கள் இருக்கின்றன. நல்ல படங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் தடயம் இருக்கிறது. நடந்ததைக் கட்டுரையாக எழுதினால் அது வாக்குமூலம் ஆகிவிடும், கதையாக எழுதினால் கற்பனை. ஆகவே வாசகரே, இது கதை. படங்கள் கிடையாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி போர்த்திய மலைமுகட்டில் கதிரவன் தன் பொற்கரங்களால்"

(நிறுத்துவோம். பனி இல்லை. கதிரவன் இருந்தான், அந்தக் கரங்களால் எங்களை அறைந்துகொண்டிருந்தான்.)

இரண்டாம் முயற்சி: "மலையேற்றம் என்பது மனிதன் தன்னைத் தானே தேடிச் செல்லும்"

(யாரும் யாரையும் தேடவில்லை. லோஷினி நடக்கச் சொன்னாள், நடந்தோம்.)

மூன்றாம் முயற்சி: "பாலோ ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது."

இது இருக்கட்டும். இதில் பொய் குறைவு.

அந்தக் காட்டுக்குள் ஒரு மலை. பெயர் குனோங் செண்டோக், அதாவது கரண்டி மலை. உச்சியில் ஒரு பாறை, கவிழ்த்து வைத்த கரண்டியைப் போலவே காம்பு நீட்டிக்கொண்டு நிற்கும்.*

* பெயர் நான் வைத்தது. வரைபடத்தில் தேடாதீர்கள். தேடிக் கிடைத்துவிட்டால் எனக்குச் சம்பந்தமில்லை.

3

லோஷினி எங்கள் மலையேற்றக் கழகத்தின் தலைவி. அட்டை கடித்தால் அட்டையிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். அவளுக்கு இந்த மலையில் ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. எங்களுக்கு முந்தைய அணி கரண்டிப் பாறையில் சிவப்புச் சாயத்தில் இதயம் வரைந்து, அம்பு விட்டு, இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டு வந்தது. பெயர்களை வைத்துக் கல்லூரியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கழகத்துக்கு அந்தக் காடு மூடப்பட்டது.

லோஷினி வன அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதியை மீட்டாள். ஒரே நிபந்தனை: காட்டில் எங்கள் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. இன்னொரு முறை ஏதாவது கண்ணில் பட்டால், எங்கள் கல்லூரிக்கு அந்த மலை இல்லை. ரேஞ்சர் மாலையில் வந்து பார்ப்பார். எல்லாம் சுத்தமாக இருந்தால் கூடாரம் போட்டுக்கொள்ளலாம், விடிந்ததும் கரண்டியில் ஏறலாம். லோஷினி வாக்குக் கொடுத்தாள். அவள் வாக்குக் கொடுத்தால் அது பத்திரப் பதிவு மாதிரி.

அதனால் சாயம் கூடாது, நாடா கட்டக் கூடாது, மரத்தைக் கீறக் கூடாது, கல்லைக் கூட அடுக்கக் கூடாது. அப்புறம் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சுகுமாறன் கேட்டான்.

"ஞாபகம் வெச்சிக்கடா. அதுக்குத்தான் மண்டை."

இந்தக் கதையின் எல்லாத் துயரமும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வருகிறது.

3 (மறுபடியும்)

சுகுமாறனை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. இவனை நீக்கிவிட்டு நிதானமான ஒருவனை வைத்து எழுதிப் பார்த்தேன். நிதானமான ஒருவனால் கதை நகரவே இல்லை. திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

மெக்கானிகல் டிப்ளமா மாணவன். காட்டுக்குத் தலையணையோடு வந்தவன். அவன் எந்தப் பையைத் தூக்கினாலும் அதன் அடியில் அவன் அம்மா ஒரு பொட்டலம் வைத்திருப்பார்: திருநீறு, குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். காட்டில் காத்து கறுப்பு அண்டக் கூடாது என்பதற்காக. பரீட்சை நாளில் கால்குலேட்டர் உறைக்குள்ளேயே ஒன்று இருக்கும்.

பாதை பிரிகிற இடத்தில் ஒரு பாறை. தண்ணீர் அரித்து அரித்து, தோசையை அடுக்கி வைத்ததுபோல மடிப்பு மடிப்பாக, ஆள் உயரம். இடப்பக்கம் போனால் அருவி, வலப்பக்கம் கூடாரம் போடும் இடம். நாங்கள் முதலில் அருவிக்குப் போனோம். எல்லோருக்கும் கடைசியாக வந்த சுகுமாறன் தன் மண்டையை நம்பவில்லை.

அவன் சிந்தித்த முறையை அவன் சொன்னபடியே தருகிறேன். சாயம் கூடாது, சரி. திருநீறு சாயமில்லை, சாம்பல். ஒரு கோடு போட்டான். தள்ளி நின்று பார்த்தால் பறவை எச்சம்போல இருந்தது. ஆகவே மூன்று கோடு. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும், ஆகவே நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். கோடுகள் காற்றில் போய்விடாமல் இருக்க எலுமிச்சம்பழத்தை வெட்டி, அந்தச் சாற்றில் திருநீற்றைக் குழைத்தான். மிச்சப் பழத்தைக் குப்பையாகக் கீழே போட மனமில்லை. இரண்டு பாதியிலும் குங்குமம் ஒட்டியிருந்தது, அப்படியே பாறையடியில் வைத்துவிட்டான்.

இதில் பக்தி துளியும் இல்லை, முழுக்க முழுக்கப் பொறியியல் என்று முருகன்மேல் சத்தியம் செய்தான்.

4

அருவியைப் பற்றி இங்கே ஒரு பத்தி வர வேண்டும். கிளாரிசா கேட்டது அதைத்தான்.

"வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல"

(வேண்டாம். குளிர்ந்தது, வழுக்கியது, அலறினோம். பாறை மேலிருந்து குதித்தபோது என் செருப்பு ஜொகூர் நீரிணையை நோக்கித் தனியாகப் புறப்பட்டுப் போனது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தொலைத்ததில்லை.)

5

அட்டைகளுக்காக ஒதுக்கிய பகுதி. வேண்டிய மட்டும் குடித்துவிட்டன. மேலே போகலாம்.

6

திரும்பி வந்தபோது கற்பூர வாசம் அடித்தது.

வாசகரே, இங்கே நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். எனக்கு அந்த வேலை இல்லை.

பாறைக்குச் செம்பருத்தி மாலை. அடியில் வாழைப்பழம், வெற்றிலை, ஒரு பாக்கெட் மைலோ பானம். முன்னால் பேச்சியம்மாள், ரெங்கம் என்ற பக்கத்து ஊரிலிருந்து குடும்பத்தோடு அருவிக்குக் குளிக்க வந்தவர், முக்காடு போட்டுக் கைகூப்பி நின்றார். பக்கத்தில் அவர் மகன் ரூபேந்திரன் நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான்.

லோஷினி பாறையைப் பார்த்தாள். மூன்று கோட்டைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். அப்புறம், கழுத்தைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக:

"சுகு. இது என்னா."

"சைன்போர்டு," என்றான் சுகுமாறன்.

அவள் தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்தாள். கழுவிவிடலாம், ரேஞ்சர் வர நேரமிருக்கிறது. அதற்குள் பேச்சியம்மாள் திரும்பிவிட்டார்.

"வாங்க, வாங்க. நீங்களும் சாமி கும்பிடத்தான் வந்தீங்களா? அபிஷேகத்துக்குத் தண்ணியோடயே வந்திருக்கா பாரு, புள்ள."

லோஷினி போத்தலோடு அப்படியே நின்றாள்.

பேச்சியம்மாள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ரூபேந்திரன் தினமும் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து ஜொகூர் பாரு போய், பாலம் தாண்டி, சிங்கப்பூரில் கிடங்கு வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வரும்போது மறுபடி இருட்டு. சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறான். வேண்டாத கோயில் இல்லை. இன்று தற்செயலாக இந்தப் பக்கம் வந்தால், காட்டின் நடுவில், கோயிலும் இல்லாமல் கூரையும் இல்லாமல், தானாகத் தோன்றியதுபோல ஒரு முனியாண்டி.

"இந்தப் பக்கமே ஒரு வேலை குடுய்யான்னேன். அவ்வளவுதான் கேட்டேன். ஒரு கொரங்கு எறங்கி வந்து பழத்த எடுத்துச்சு. ஏத்துக்கிட்டாரு லா."

அந்த நொடியில் ரூபேந்திரனின் கைப்பேசியில் செய்தி மணி அடித்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாயில் ஒரு தொழிற்சாலை, நேர்முகத் தேர்வு.

(கிளாரிசா இந்த இடத்தை நீக்கச் சொல்வாள். தற்செயல் அதிகம் என்பாள். நானும் நீக்கத்தான் பார்த்தேன். ஆனால் காரணம் இருக்கிறது: அந்தக் காட்டில் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் மட்டும்தான் லைன் கிடைக்கும். தேங்கிய செய்தியெல்லாம் அங்கே வந்துதான் கொட்டும். என் கைப்பேசியும் அடித்தது. எனக்கு முனியாண்டி பீட்சாவில் தள்ளுபடி தந்திருந்தார்.)

பேச்சியம்மாள் அழுதார். ரூபேந்திரன் என்னை ஓரமாக இழுத்தான்.

"ப்ரோ, இது காலையில அனுப்புன மெசேஜ். நாங்க வீட்ட விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தூங்கணும் ப்ரோ, வேற ஒண்ணும் வேணாம்."

பேச்சியம்மாள் பாறையிலிருந்து குங்குமத்தை எடுத்து அங்கே நின்ற எல்லோர் நெற்றியிலும் வைத்தார். எனக்கு, லோஷினிக்கு, எல்லோருக்கும். சுகுமாறனுக்கு மட்டும் இரண்டு முறை. "இந்தத் தம்பி மொகத்துலதான் பக்தி தெரியுது." அவன் அம்மா கொடுத்தனுப்பிய குங்குமம் ஒரு சுற்றுச் சுற்றி அவன் நெற்றிக்கே வந்து சேர்ந்தது.

7

ரேஞ்சர் ஏறி வந்தார். பெரியவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பாறையைப் பார்த்தார். பிறகு வரிசையாக எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். பாறையைக் கழுவினாலும் எங்களையும் கழுவ வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இது யார் வேலை என்று மலாயில் கேட்டார்.

நாங்கள் வாயைத் திறக்குமுன் பேச்சியம்மாள் முந்திக்கொண்டார். "சுடா லாமா, துவான்." ரொம்ப காலமாகவே இருக்கிறதாம். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். இவ்வளவு சீக்கிரம் கேட்டதைக் கொடுக்கிற சாமி இன்று காலையில் வந்ததாக இருக்க முடியுமா?

ரேஞ்சர் லோஷினியிடம் திரும்பினார். வாக்குக் கொடுத்தவள் அவள்தான். "பெத்துல் கா?" என்றார். உண்மையா?

8

முடிவுகள்.

(அ) உண்மையைச் சொல்கிறாள். மலை போகிறது. கரண்டியை இனிப் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு தாயின் முன்னால் அவளுடைய சாமி சைன்போர்டாகிறது. சுகுமாறன் தலையணையைக் கட்டிக்கொண்டு

(ஆ) ஆமாம் என்கிறாள். கூடாரம் உண்டு, உச்சி உண்டு. அடுத்த வருடம் தகரக் கூரை. அதற்கடுத்த வருடம் ஒலிபெருக்கி, அன்னதானம், மோர்ப் பந்தல், தலைவர் பதவிக்கு இரண்டு அணி. அருவியெல்லாம் பாலித்தீன் பை. லோஷினி எந்தக் காட்டுக்காக நடையாய் நடந்தாளோ அந்தக் காடு

(இ) மழை வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. இது எழுத்தாளன் ஓடிப்போகிற வழி. அன்று வானம் வெளுத்திருந்தது.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியும். எழுத முடியாது. வன அலுவலக முகப்பில் திருச்செல்வம் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் இதழின் ஒரே நிரந்தர வாசகர். விளம்பரம் வரை விடாமல் படித்து, தேநீர் நேரத்தில் ரேஞ்சருக்கு மலாயில் சொல்வார். நான் எந்த முடிவை எழுதினாலும் அது லோஷினியின் பதிலாகத்தான் அங்கே போய்ச் சேரும். அவள் சார்பில் பேச எனக்கு அவள் அனுமதி தரவில்லை. கேட்டேன். போத்தலால் அடித்தாள்.

ஆகவே எல்லோரும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறோம். போத்தல் மூடி திறந்தே இருக்கிறது. ரூபேந்திரன் மறுபடி தூங்கிவிட்டான். பேச்சியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரிக்கிறார். ரேஞ்சருக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிற்க மாட்டார். அவர் பார்வை லோஷினியைத் தாண்டி, என்னையும் தாண்டி, என் பக்கத்தில் செருப்பில்லாமல் நிற்கிற உங்களிடம் வருகிறது.

உண்மையா என்று கேட்கிறார்.

சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சியம்மாள் யாரையும் விடவில்லை.