இரும்பு நாரையின் விற்பனையும் டுவைனின் குரலும்

டுவைன் ஹாக்காலாவின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை 'இரும்பு நாரை' காமிக்ஸின் மாத விற்பனை எண்ணிக்கை முடிவு செய்தது. ஆயிரம் பிரதிக்குக் கால் மைல். முதல் இதழ் எண்பத்து நாலாயிரம் பிரதி விற்ற மாதம், டுலூத் நகர மலைச்சரிவில் தன் வீட்டு வாசலில் அவர் போட்ட தும்மல் இருபத்தொரு மைல் தள்ளியிருந்த க்ளோக்கே காகித ஆலை வரைக்கும் போயிற்று. இரவு ஷிப்டுக்கு வந்திருந்த ஒருவர், பக்கத்தில் யாரோ தும்மியதாக நினைத்து, திரும்பிப் பார்க்காமலே ஆசி சொன்னார். டுவைன் கத்துகிறவர் அல்ல. அந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் கேட்டது. மருந்துக்கடையில் மூலத்துக்குக் களிம்பு கேட்டதை மூன்று மாவட்டங்கள் அறிந்தன. இரண்டாம் இதழில் எண்ணிக்கை பாதியாகும் என்பது காமிக்ஸ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அது போலவே பாதியானது. அவர் கொஞ்சம் மூச்சு விட்டார்.

ஏன் அவருக்கு, ஏன் அந்தக் காமிக்ஸ் என்று யாரும் விசாரிக்கவில்லை. கப்பல்துறையில் முப்பது வருடம் இரும்புத் தாது ஏற்றிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். மகள் சிக்னியை அவளுடைய ஏழு வயதிலிருந்து புதன்கிழமைதோறும், புதிய இதழ்கள் வரும் நாளில், லுவானின் காமிக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனவர். மனைவி இறந்த வருடம், ஏரிக்கரையில் இருந்த குடும்பத்தின் மரக் குடிலை மகளிடம் கேட்காமலே விற்றார். சிக்னி பாலம் தாண்டி வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சுப்பீரியரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். அதன்பிறகு அவர் பெயர் போனில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் காதைக் கவிழ்த்து வைக்க முடியவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு டுவைன் வாசலுக்கு வந்து, இன்று எந்தக் கப்பல் வந்தது, பனி உடைந்ததா, காட்டரிசி சூப் அடிப்பிடித்த கதை என்ன என்று பேசினார். குடிலைப் பற்றி மட்டும் பேசவில்லை. நடுவில் இருந்த ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்குமே. சிக்னி பதில் சொன்னதில்லை. ஆனால் குளிரிலும் சமையலறை ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தே வைக்கிறாள் என்று அவளுடைய தெருவில் இருந்த ஒரு பெண் லுவானிடம் சொல்ல, லுவான் அதை டுவைனிடம் சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் வாசலிலிருந்து சிக்னியின் ஜன்னல் ஐந்து மைல். ஐந்து மைலுக்கு இருபதாயிரம் பிரதி வேண்டும். மாத விற்பனைப் பட்டியலை நெட்டுருப் போட்ட, லுவான் கடையின் வாடிக்கையாளன் கெய்த் பெல்லாங்கர்தான் இந்தக் கணக்கைச் சொன்னவன். இருபதாயிரத்துக்குக் கீழே போன இதழைக் கம்பெனி நிறுத்திவிடும் என்பதும் அவன் சொன்னதுதான். இருபத்தெட்டு, இருபத்து நான்கு, இருபத்திரண்டு என்று இறங்கிய அந்தக் குளிர்காலத்தில் கடையில் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஓவியரை மாற்றியதால் என்றான் ஒருவன். விலையை ஒரு டாலர் ஏற்றியதால் என்றான் இன்னொருவன்.

"பனி காலத்துல எல்லாமே இறங்கும்டா, மார்ச்ல பாரு," என்றான் கெய்த்.

"போன மார்ச்லயும் இதையேதான் சொன்னே," என்றாள் லுவான். "அந்தப் பட்டியல்ல இருக்கிறது என்னை மாதிரி கடைக்காரங்க ஆர்டர் போட்ட கணக்கு. யார் படிச்சாங்க, யார் அழுதாங்கன்னு அதுல இருக்கா?"

"கம்பெனி எதை வச்சு நிறுத்துவான், அழுகையை வச்சா?"

டுவைன் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பாதி ஊருக்குக் கேட்டிருக்கும்.

பிப்ரவரிப் பட்டியலில் பதினேழாயிரம் என்று வந்தது. அன்று மாலை அவர் குரல் விரிகுடாவுக்கு மேலேயே முடிந்துபோனது. உறைந்த விரிகுடாவின் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியாகக் கேட்டார்கள். மறுநாள் அவர் பனி மேல் நடந்து போய் அங்கிருந்து பேசிப் பார்த்தார். நின்று பேச முடிந்தது, ஆனால் ஒரு மனிதர் மகளின் வீட்டை நோக்கித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வருவது சரியாக இருக்காது என்று தோன்றித் திரும்பிவிட்டார். இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்தார். பாத்திரங்களை இடம் மாற்றினார், பழையபடியே வைத்தார்.

கடைக்காரர்கள் இரண்டு மாதம் முன்பே ஆர்டர் போட வேண்டும். எனவே, ஒரே ஆள் பத்துப் பிரதி வாங்குவது என்ற கெய்த்தின் யோசனை பலிக்க மே மாதம் ஆயிற்று. ஒரே இதழைக் கம்பெனி பத்து வெவ்வேறு அட்டைகளில் வெளியிட்டது, ஒன்று வெள்ளி மினுமினுப்போடு. கடையின் வாடிக்கையாளர்கள் பத்தையும் வாங்கினார்கள். இணையத்தில் கெய்த் மூட்டிய நெருப்பில் ஓஹாயோவிலும் ஓரிகனிலும் ஆட்கள் பத்துப் பத்தாக வாங்கினார்கள். எண்ணிக்கை இருபத்தாறாயிரத்தைத் தொட்டது. டுவைன் சட்டையை மாற்றிக்கொண்டு ஆறு மணிக்கு வாசலுக்கு வந்து பேசினார்.

அடுத்த புதன்கிழமை, இரண்டு வருடத்துக்குப் பிறகு, சிக்னி கடைக்குள் நுழைந்தாள்.

"சூப்பு தீஞ்சுபோச்சுன்னு எங்கப்பா பத்து தடவை சொல்றாரு லுவான். ஒவ்வொரு வாக்கியமும் பத்து தடவை. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"குரல் வந்துச்சில்ல," என்றான் கெய்த்.

"வந்து என்ன? பத்தாவது தடவையில அவரு குரலாவே இல்லை."

"நீ மாசாமாசம் வாங்கியிருந்தா நாங்க ஏன் பத்து வாங்கணும்?" என்றாள் லுவான். "உன் பேர்ல எடுத்து வைக்கிறதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. படிக்கிறதில்லையா இப்போ?"

"படிக்காம? உசிரு எனக்கு அது. தொகுப்பு வரட்டும்னு காத்திருக்கேன். ஆறாறு இதழா சேர்த்து ஒரே புத்தகமா, நடுவுல விளம்பரம் இல்லாம படிக்கலாமே."

மூலையிலிருந்து ஒருவன், தானும் அப்படித்தான் என்றான். கதவருகே நின்றவளும் கையைத் தூக்கினாள். மாத இதழ் செத்தால் தொகுப்பு எங்கிருந்து வரும் என்று லுவான் கேட்டாள். பிறரிடம் கேட்பது போல இல்லை அது. இரும்பு நாரையை மிக அதிகமாக விரும்பியவர்கள்தான் அதை வாங்காமல் காத்திருந்தார்கள். சிக்னி தன் பெயரை மீண்டும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஆனால் அந்தப் பெயர் எண்ணிக்கையில் சேர இரண்டு மாதம் ஆகும். அதற்குள், பத்து அட்டை இல்லாத அடுத்த இதழின் எண்ணிக்கை மறுபடி இருபதாயிரத்துக்குக் கீழே போக, கம்பெனி நிறுத்த முடிவு செய்துவிட்டது.

ஜூலையில் கடைசி இதழ் வந்தது. ஆகஸ்டுப் பட்டியலில் இரும்பு நாரை இல்லை. அன்றிலிருந்து டுவைனின் குரல் அவருக்கே கேட்கவில்லை. காபிக் கடையில் விரலால் காட்டி வாங்கினார். ஆனால் ஆறு மணிக்கு வாசலுக்கு வருவதை விடவில்லை. உதடுகள் அசைந்தன. யாருக்கும் கேட்காது என்ற நிலையில் ஒரு மனிதர் எதை எதையெல்லாம் பேசுவார் என்று தபால்காரர் யோசித்ததுண்டு, நின்று பார்த்ததில்லை. அந்தப் பக்கம் சிக்னி ஜன்னலை இரண்டு கை அகலம் திறந்தாள், பிறகு முழுவதும். கப்பல் ஊதியது, காற்று அடித்தது. இரண்டு முறை போனைக் கையில் எடுத்தாள். அப்பா எடுத்தாலும் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது என்பது நினைவுக்கு வர, கீழே வைத்தாள்.

டிசம்பரில் கடைசி ஆறு இதழ்களின் தொகுப்பு வந்தது. சிக்னி அதை வாங்கிப் போய்ச் சமையலறை மேசையில் திறந்தாள். முதல் பக்கத்திலேயே அப்பா பேச ஆரம்பித்தார். ஆகஸ்டிலிருந்து பேசியது எல்லாம், நாள் வரிசையாக, ஒரு தடவை மட்டும், நடுவில் இடைவெளி இல்லாமல் வந்தது. கப்பல்கள் வந்தன. சூப் இரண்டு தடவை தீய்ந்தது. அக்டோபர் நடுவில், முதல் பனி விழுந்ததைச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"குடில்ல உங்கம்மா அங்கி கதவுக்குப் பின்னாடி தொங்கிட்டிருக்கும்னு தெரியும்மா. மூணு தடவை போனேன். வாசல்படி வரைக்கும்தான் போக முடிஞ்சுது. உள்ள இருந்ததையெல்லாம் அப்படியே சேர்த்துதான் வித்தேன், உன் சறுக்கு வண்டியையும். உன்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே. அதனாலதான் கேக்கலை. கேட்டிருக்கணும்."

அதற்குப் பிறகு மீன் விலை.

தொகுப்பு வாங்கிய மற்றவர்களுக்கும் அது கேட்டது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டதாகக் கெய்த் சொன்னான். யாரும் நம்பவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் வாங்கியதில் புத்தகம் நன்றாகப் போனது. இனி மாத இதழ் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு புத்தகம் என்று கம்பெனி அறிவித்தது. புத்தகங்களின் எண்ணிக்கையை மாதப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது என்று கெய்த் இன்றும் வாதாடுகிறான்.

இப்போது ஜூனிலும் டிசம்பரிலும், புத்தகம் வரும் நாளில், சிக்னி வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்கிறாள். காரணம் என்ன என்று மேலாளர் கேட்பதில்லை. மற்ற புதன்கிழமைகளில் பாலம் தாண்டி வந்து, அப்பாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்காருகிறாள். ஆறு மணிக்கு அவர் உதடுகள் அசைகின்றன. அவள் விரிகுடாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் சூப் கொண்டுவந்த லுவான் பொறுக்க முடியாமல் பேனாவும் காகிதமும் எடுத்து நீட்டினாள்.

"எழுதியாவது காட்டட்டுமே. என்ன சொல்றாருன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம்," என்றாள் சிக்னி. "புத்தகத்துல வரட்டும்."

டுவைன் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.