மேரு என்று எழுதிய குச்சி

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேரு என்ற ஊரில் நல்லம்மாள் வீட்டு முன்வாசல் கடல் மட்டத்திலிருந்து முப்பது அடி உயரம். பின்கட்டு பதினோராயிரம் அடி. நடுவில் படிக்கட்டு கிடையாது, ஓர் அடுப்படிதான். காரணம் ஓர் ஐஸ்கிரீம் குச்சி.

நல்லம்மாள் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணையில் இருபது வருடம் மண் சுமந்தவள். ஐம்பத்து மூன்றாம் வயதில் கோயில் வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தாள். சபா மலையுச்சியில் பாறையோடு ஒட்டிப் பாயாகப் படரும் குறுஞ்செடியைக் கீழே வளர்த்துக் காட்டுவதாக முதலாளி ஜெயராஜ் ஊரெல்லாம் வாய்விட்டிருந்தார். நாற்பது தண்டு நட்டு, ஐஸ் வைத்து, ஏர்கான் போட்டும் முப்பத்தேழு கருகின. "மிச்சம் மூணுதான்க்கா. இதுவும் போச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்குங்க" என்றார், வெயிலை அவள்தான் கொண்டுவந்தது போல. மூன்றையும் ஒரே சட்டியில் வைத்து வீட்டுப் பின்கட்டுக்கு எடுத்துப் போனவள், சட்டி மாறிவிடக் கூடாதென்று தன் ஊர்ப்பெயரை ஐஸ்கிரீம் குச்சியில் எழுதிச் செருகினாள்: மேரு.

செடி அதைப் படித்தது. தேவர்கள் குடியிருக்கும் மலைக்கே வந்துவிட்டதாக நம்பி, காலைக்குள் சட்டியை விட்டிறங்கி, மண் தொட்ட இடமெல்லாம் வேர்விட்டது. தரையும் மரியாதைக்கு உயர்ந்துகொண்டது. பனிமூட்டம் வேலி தாண்டியும் கொஞ்சம் கசிந்தது. பக்கத்து வீட்டு மாதவிக்குத் துணி காயவில்லை, அவ்வளவுதான். பார்க்க வந்த ஜெயராஜ் அடுப்படியைக் கடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

"என்னக்கா, மூச்சு வாங்குது லா."

"மெதுவா வாங்க பாஸ். நானே ரசம் இறக்க ரெண்டு வாட்டி நின்னுதான் போறேன்."

படர்ந்த கிளைமேல் கூழாங்கல் வைத்து, வேர் பிடித்ததும் அறுத்துச் சட்டிகளில் நட்டாள். ஜெயராஜ் அழகாக அச்சடித்த அட்டைகளைச் செருகினார். அந்தச் சட்டிகள் பந்திங்கில் வாங்கியவர்களிடம் போய்ச் சேருமுன்பே வாடின. நல்லம்மாளின் கோணல் 'ரு'வைத்தான் செடி நம்பியது. அதனால் எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், நூற்றுப்பத்தாவது குச்சியில், தூக்கக் கலக்கத்தில் ஒரு கால் கூடுதலாக விழுந்து 'மோரு' ஆகிவிட்டது. அந்தச் சட்டி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, ஓய்வுபெற்ற கிளார்க் கார்த்திகேசு வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் அவர் போன் செய்தார். ஜெயராஜ் ஸ்பீக்கரைத் தட்டியதுமே வேலை போய்விட்டதென்று நல்லம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"செடியிலே ஒரு பிழையும் இல்லை, தம்பி" என்றார் கார்த்திகேசு. "விடியக் காலமை சட்டிக்குக் கீழே வைச்ச தட்டு நிறைய மோர் நிக்குது. நல்ல மோர்தான். அடுத்த முறை உப்பையும் சேர்த்து எழுதிவிடச் சொல்லுங்கோ."

மறுநாள் ஜெயராஜ் கொஞ்சம் நீளமான குச்சிகளாகப் பார்த்து வாங்கி வந்தார்.